பலகையின் மறுமுனை

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை எழுதாவிட்டால் என் மனம் ஆறாது. எட்டடித் தேக்குப் பலகை. மரக்கடையில் ஒன்றரை மணி நேரம் நின்று, புரட்டிப் புரட்டிப் பார்த்து, கணுவும் கோணலும் இல்லாமல் பொறுக்கி எடுத்தது. நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் கூடத்துப் புத்தக அலமாரிக்கு இரண்டு தட்டு ஆகும். காலையிலேயே மாடிக்குக் கொண்டுபோய், இரண்டு ஸ்டூல் போட்டு, கோடு கிழித்து, இரைச்சலுக்குக் காதுமூடி மாட்டிக்கொண்டு, கையால் பிடித்து அறுக்கிற மிஷினை எடுத்தேன். வழக்கம்போல மறுமுனையை என் மனைவி சுலோச்சனா பிடித்துக்கொண்டாள்.

ஏழடி வரைக்கும் நூல் பிடித்தாற்போல வந்தது. கடைசி அடியில் மிஷின் ஓர் எகிறு எகிறியது. அதே நொடியில் அவள் பலகையை விட்டுவிட்டாள். அப்படியே விட்டுவிட்டாள்! பலகை தொங்கி, நுனி பிளந்து, ஒரு சாண் நீளத்துக்குச் சிராய்ப்பு. எனக்கு உடம்பெல்லாம் பதறிவிட்டது. "ஒரு நிமிசம் புடிக்கச் சொன்னா புடிக்க மாட்டியா?" என்று கத்தினேன். காதில் மூடி இருந்ததால் அவள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. கீழே போய்விட்டாள். கோபம் போலிருக்கிறது. நியாயமாகப் பார்த்தால் கோபப்பட வேண்டியவன் நான்.

அவள் பிடித்திருந்த முனையில் செம்பழுப்பாக ஒரு கறை வேறு. சாமி கும்பிட்ட கையோடு வந்திருப்பாள், ஈரக் குங்குமம் ஒட்டியிருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், முழுசாகப் போகவில்லை. அந்தப் பக்கத்தைச் சுவரோரம் திருப்பி வைத்துவிட்டால் ஆயிற்று.

பதினொரு மணிக்குக் காபி கேட்டுக் குரல் கொடுத்தேன். வீட்டில் ஆளே இல்லை. கோயிலுக்குப் போயிருப்பாள். மத்தியானம் சாப்பிடும்போது பார்த்தால் இடது கட்டைவிரலில் கட்டு. ஊசி குத்திவிட்டதாம். ரவிக்கையில் ஆரிப் பூவேலை செய்கிற ஊசி அத்தனை பெரிசா என்று கேட்டேன். சிரித்தாள்.

ஒன்று முடிவாகிவிட்டது. இந்தக் கை மிஷினை இனி நம்புவதற்கில்லை. மேஜை ரம்பம் வாங்கியே ஆக வேண்டும். அதில் பிளேடு மேஜை நடுவில் அசையாமல் சுழலும், பலகையைத்தான் தள்ள வேண்டும். ஆயுத பூசைக்குள் மாடியில் ஒன்று நின்றாக வேண்டும்.

செப்டம்பர் 2, செவ்வாய்

வேலை முடிந்து காந்திபுரத்தில் ஒரு கடைக்குப் போனேன். புது மிஷினைப் பார்த்ததும் ஆசை, விலையைக் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது. ஒரு மாதச் சம்பளத்தில் அடங்காது. போகட்டும், அதைவிடப் பெரிய அதிர்ச்சி பின்னால் வந்தது. பிளேடின் மேல் ஒளி ஊடுருவுகிற பிளாஸ்டிக்கில் ஒரு மூடி. விற்பனையாளர் அதைத் தட்டிக் காட்டி, "மொத வேலையா இத கழட்டி வெச்சுருங்க சார். வேலைக்கு எடஞ்சலுங்" என்றார்.

நான் இருபத்தெட்டு வருடமாகப் பம்ப் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். ஒரு போல்ட் குறைந்தாலும் பெட்டியைத் திருப்பி அனுப்புகிறவன். செய்தவன் போட்டுக் கொடுத்ததை விற்கிறவனே கழற்றச் சொல்வதா?

"எட்டடிப் பலகை அறுக்கோணும்னா எப்படிங்க? பின்னால தாங்கறதுக்கு ஒன்னும் காணோமே?"

"ஊட்ல ஆரையாச்சும் அக்கட்டால நின்னு புடிச்சு இழுக்கச் சொல்லுங்க. அது போதுமுங்."

அந்தப் பக்கம் ஓர் ஆள் நின்றால் போதும்; இது சரியான யோசனையாகப் பட்டது.

செப்டம்பர் 5, வெள்ளி

சுலோச்சனா ஒரு கல்யாண ரவிக்கையைப் பாதியில் பிரித்துக்கொண்டிருக்கிறாள். துணிக்கு அடியிலிருந்து இடது கை நூலைச் சரியாகக் கொடுக்கவில்லையாம். கைப்பழக்கம் பன்னிரண்டு வருடம், மூன்று கடைக்குத் தைத்துக் கொடுக்கிறாள், இன்றைக்கு நூல் வரவில்லை என்கிறாள். பொழுதுபோக்குக்குச் செய்கிறதில் எதற்கு இத்தனை பாடு என்று கேட்டேன். பிரித்த நூலைப் பந்தாகச் சுற்றினாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

மரவேலை ஆர்வலர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு பழைய மேஜை ரம்பம் விற்பனைக்கு வந்தது. வடவள்ளி. சென்னியப்பன் என்பவர், கல்லூரியில் கணக்குப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் அளக்கிற வெர்னியரும் கையுமாகப் போய் இறங்கினேன்.

என்ன மிஷின்! பதினோரு வருடப் பழசு. வார்ப்பிரும்பு மேஜை, எண்ணெய் தடவி வைத்து மினுங்குகிறது. பிளேடைச் சுற்றி அளந்து பார்த்தேன், மயிரிழை ஆட்டமில்லை. நாலு மூலையிலும் ஆயுத பூசைச் சந்தனம் வருடா வருடம் வைத்து வைத்துத் தடித்திருக்கிறது. எல்லாவற்றையும்விட வியப்பு, அந்தப் பிளேடு மூடி. அலமாரியில் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல் கிடையாது!

"புதுசாட்டவே வெச்சிருக்கறேன் பாருங்க தம்பி" என்றார்.

பதினோரு வருடம் ஒரு பொருளை இப்படிக் காப்பாற்றுகிற மனிதரை நான் எங்கள் கம்பெனியில் பார்த்ததில்லை.

"எதாச்சும் அடிகிடி பட்டிருக்குதுங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"மிஷினுக்கு ஒன்னுமே ஆனதில்லீங்க தம்பி."

"அப்புறம் ஏங்க குடுக்கறீங்க?"

"ஒண்டியாப் பண்ண முடியறதில்லீங்."

அவர் மனைவி ருக்குமணி அம்மாள் காபி கொண்டுவந்தார். தட்டில் வைத்து ஒரே தடவையில் கொண்டுவராமல், ஒவ்வொரு தம்ளராக இரண்டு நடை நடந்தார். இடது கையில் முந்தானையைச் சுற்றிக்கொண்டிருந்தார். மலைப்பக்கம் என்பதால் வடவள்ளியில் காற்று கொஞ்சம் ஜாஸ்தி. காபி நன்றாக இருந்தது.

புதுசின் விலையில் பாதிகூட இல்லை. ஆனாலும் அவசரப்படக் கூடாது.

செப்டம்பர் 10, புதன்

புதுசா, பழசா? மண்டை காய்கிறது. புதுசுக்கு உத்தரவாதம் உண்டு, ஆனால் மேஜை தகர டப்பா. பழசு யானை மாதிரி அசையாது, ஆனால் மோட்டார் நாளைக்கே புகைந்தால் யாரைக் கேட்பது? கம்பெனியில் மதியச் சாப்பாட்டின்போது இதே பேச்சு. ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

சுலோச்சனாவிடமும் கேட்டுவைத்தேன்.

"ரெண்டுல எத வாங்குனாலும் அக்கட்டால ஆரு நிப்பாங்க?" என்றாள்.

"நீதான், வேற ஆரு?"

அடுப்பில் ஏதோ வைத்திருந்தாளாம், உள்ளே போய்விட்டாள். இவளிடம் யோசனை கேட்டால் இப்படித்தான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

சின்னப் பலகைதான், நாலடி. பிடிக்கக் கூப்பிட்டால் தலைவலி என்கிறாள். கயிற்றால் ஸ்டூலில் கட்டி வைத்து அறுத்தேன். கோணல்.

செப்டம்பர் 17, புதன்

பழசுதான். முடிவு செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்து பேசி முடிக்கிறேன் என்று சென்னியப்பன் அண்ணாவுக்குப் போன் செய்தேன். வைத்துவிட்டுத் திரும்பினால் சுலோச்சனா நிற்கிறாள்.

"நானும் வாரனுங்."

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஆறு வருடமாக மரவேலை செய்கிறேன். ஓர் ஆணி வாங்கக்கூட இவள் என்னோடு வந்ததில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

எழுத உட்கார்ந்து அரை மணி ஆகிறது. வரிசையாகச் சொல்கிறேன்.

போனோம். சென்னியப்பன் அண்ணா உற்சாகமாக இருந்தார். ஓட்டிக் காட்டுகிறேன் என்று ஓர் ஆறடிப் பலகையை மேஜையில் வைத்தார். மூடி உறையோடு அலமாரியிலேயே கிடந்தது. உள்ளே பார்த்து, "ருக்குமணி, இங்க வா. அக்கட்டால புடி" என்று கூப்பிட்டார்.

அந்த அம்மாள் வந்தார். மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று வலது கையை மட்டும் நீட்டினார். அண்ணா சுவிட்சைப் போட்டார். மோட்டார் சத்தத்தைத்தான் நான் கவனித்துக்கொண்டிருந்தேன், அருமையான சத்தம், ஒரு கரகரப்பு இல்லை. திடீரென்று சுலோச்சனா, "நிறுத்துங்க! போதும், நிறுத்துங்க!" என்று கத்தினாள். ஓடிப்போய் அந்த அம்மாளைத் தோளைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நீங்க உள்ள போங்க்கா."

எனக்கு மானமே போய்விட்டது. அடுத்தவர் வீட்டில் வந்து இப்படியா? அண்ணா திகைத்துப் போய் மிஷினை நிறுத்தினார். நான் ஏதோ உளறிச் சமாளித்து, அப்புறம் பேசுகிறேன் என்று கிளம்பினேன்.

ஸ்கூட்டரில் மருதமலை ரோடு முழுக்க நான் திட்டிக்கொண்டே வந்தேன். லாலி ரோடு சிக்னலில் நின்றபோது காதருகே கேட்டாள்: "அந்தம்மா கையப் பாத்தீங்களா?"

"எந்தக் கை?"

"எடது கை. ரெண்டு வெரலு இல்லீங்க. அந்த மிஷின் ஓட ஆரம்பிச்சதும் அவங்க கண்ண மூடிக்கிட்டாங்க. நீங்க பாக்கவே இல்லியா?"

பச்சை விளக்கு விழுந்தது. பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். வண்டியை எடுக்க எனக்குக் கை வரவில்லை. இரண்டு தடவை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். பிளேடில் மயிரிழை ஆட்டத்தை அளந்தவன். அந்த அம்மாள் என் கையில்தான் தம்ளரைக் கொடுத்தார்.

செப்டம்பர் 22, திங்கள்

வேலை ஓடவில்லை. பழுதுள்ள முப்பது பாகங்களைச் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். சக ஊழியர் கண்டுபிடித்துத் திருப்பிக் கொண்டுவந்தார். இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவை.

செப்டம்பர் 24, புதன்

அரைநாள் விடுப்பு போட்டுவிட்டுத் தனியாக வடவள்ளிக்குப் போனேன். கேட்டுவிடுவது என்று போனேன். வாசலில் நின்றபடியே கேட்டேன்.

சென்னியப்பன் அண்ணா மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயமாகவே அவருக்கு அது தோன்றவில்லை, அதுதான் என்னை உலுக்கியது.

"வாங்குன மொத வருசம் ஆயுத பூசைக்கு, பிளேடுக்குப் பொட்டு வெக்கோணும்னு மூடியக் கழட்டுனமுங். மாலையும் பொட்டும் காயற வரைக்கும் இருக்கட்டும்னு உட்டது. அப்புறம் போடவே தோணல. ஒன்னும் ஆகாமதான் ஓடுச்சு. ஆறு வருசம் முன்னாடி ஒரு நாள், அவ அக்கட்டால புடிச்சு இழுத்துட்டு இருந்தா. பலகை பிளேடுல சிக்கி நான் நின்ன பக்கம் எகிறி அடிச்சுது. அவ பலகைய உடல. பலகையோட கையும் வந்துருச்சு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே சொன்னார்: "உட்டிருந்தா ஒன்னும் ஆயிருக்காதுங் தம்பி. உட்டிருக்கோணும். மிஷின் மேல தப்பே இல்லீங்."

சமையலறைக்குள்ளிருந்து ருக்குமணி அம்மாளின் குரல் வந்தது. சத்தமாகக்கூட இல்லை.

"உட்டா வைவீங்கன்னு புடிச்சிட்டு இருந்தனுங்."

சென்னியப்பன் அண்ணா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஆறு வருடத்தில் இதை அவர் இப்போதுதான் கேட்கிறார் என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டை எடுத்து ஆகஸ்ட் 31-ஐப் படித்தேன். நானே எழுதியது. மிஷின் எகிறியது. அவள் விட்டுவிட்டாள். கறை. வீட்டில் ஆளே இல்லை. கட்டு. எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறேன். ஒன்றையும் பார்க்கவில்லை. கூடத்துக்குப் போய் அலமாரியிலிருந்து அந்தத் தட்டை உருவி, சுவரோரம் இருந்த பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தேன். எங்கள் வீட்டுக் குங்குமம் நல்ல சிவப்பு. இது அந்த நிறமே இல்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

நாலு நாளாகக் கேட்க வாய் வரவில்லை. இன்று காலையில் அவள் பூ கட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து, "கையக் காட்டு" என்றேன்.

கட்டிய சரத்தை மடியில் இறக்கினாள். பிறகு காட்டினாள்.

கட்டைவிரல் அடியிலிருந்து நகம் வரை கோடு. நாலு தையலாம். பக்கத்து வீட்டு மஞ்சுளாதான் ஆட்டோவில் கூட்டிப்போயிருக்கிறாள். விரல் நுனி இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. நூல் விரலில் நிற்பதே தெரிவதில்லை. அதனால்தான் ரவிக்கையைப் பிரித்துப் பிரித்துத் தைத்திருக்கிறாள். இரண்டு கல்யாண வேலையை வேறொரு பெண்ணுக்கு விட்டுக்கொடுத்துவிட்டாள். ஒரு மாதமாக என் கண் முன்னால் நடந்தது இவ்வளவும்.

"ஏம்புள்ள சொல்லல?"

"பலகை போச்சுன்னே அந்தக் கத்து கத்துனீங்க. கையும் போச்சுன்னு சொன்னா என்ன ஆவீங்களோன்னு இருந்துச்சு." கையை இழுத்துக்கொண்டு, "சொல்லியிருந்தா மரவேலையே வேண்டாம்னு தூக்கிப் போட்டிருப்பீங்க. வாரம் பூரா கம்பெனில இருந்து மொகத்தத் தூக்கிட்டு வாரீங்க, ஞாயித்துக்கெழமதான் சிரிச்ச மொகத்தப் பாக்கறேன்" என்றாள்.

அழுதேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன். அவள் பூவை வைத்துவிட்டு என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள், அதுவும் அந்தக் கையால்.

புதுசா பழசா என்று ஒரு மாதம் ஊரெல்லாம் யோசனை கேட்டவன் நான். கேட்க வேண்டியதை அவள் அன்றைக்கே கேட்டாள், அக்கட்டால ஆரு நிப்பாங்க என்று. நீதான், வேற ஆரு என்றேன் நான். இப்போதைக்கு எதுவும் வாங்கப் போவதில்லை. பலகையைத் தாங்குவதற்கு உருளை வைத்த ஸ்டாண்டு ஒன்று செய்யாமல் இனி இந்த வீட்டில் மிஷின் ஓடாது.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூசை

உளி, இழைப்புளி, கை மிஷின் எல்லாவற்றையும் துடைத்து வைத்தோம். சுலோச்சனா தன் ஊசிகளையும் கத்தரியையும் பக்கத்தில் வைத்தாள். பொட்டு வைத்துப் பொரிகடலை படைத்தாயிற்று.

சென்னியப்பன் அண்ணாவுக்கு வேண்டாம் என்று சொல்லவே இல்லை. சங்கடத்தில் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். பூசை வாழ்த்துச் சொல்கிற சாக்கில் சாயங்காலம் போன் செய்தேன்.

"அதக் குடுத்தாச்சுங்களே தம்பி. நீங்க ஒன்னுஞ் சொல்லலீன்னுதான். போன திங்கக்கெழம ஒரு தம்பதி வந்தாங்க, துடியலூர்ல இருந்து. புதுசாக் கல்யாணமானவங்க. நானே கூடப் போயி எறக்கி வெச்சுட்டு வந்தேன். அந்தப் புள்ள நெம்ப சுறுசுறுப்புங், அக்கட்டால நானே புடிச்சுக்கறேங்குது."

"மூடியக் குடுத்தீங்களா?"

"அவங்க கேக்கல. இங்கியேதான் கெடக்குது."

"எப்பங்க ஓட்டறாங்க?"

"நாளைக்கு விசயதசமியல்லங்? ஒம்போது மணிக்கு மேல மொதப் பலகை போடறமுன்னாங்க."

அவர்கள் நம்பரும் விலாசமும் வாங்கி, போன் அடித்தேன். ஏழு தடவை. எடுக்கவில்லை. சுலோச்சனா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"வெள்ளன கெளம்பலாங்" என்றாள்.

அக்டோபர் 2, வியாழன். விசயதசமி

வாடகைக் காரில் ஏழரைக்கு வடவள்ளி. சென்னியப்பன் அண்ணா நடைப்பயிற்சிக்குப் போயிருந்தார். ருக்குமணி அம்மாள் கதவைத் திறந்தார். சுலோச்சனா இரண்டே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாள். அந்த அம்மாள் உள்ளே போய் மூடியை உறையோடு எடுத்துவந்தார். கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்துவார் என்று நினைத்தேன். செருப்பைப் போட்டுக்கொண்டார்.

"வூடு எனக்குத் தெரியாது. நானுங் கூட வாரேன், நானே சொல்றேன் அந்தப் புள்ளைகிட்ட."

"அண்ணாகிட்டச் சொல்லலியே?" என்றேன்.

"வந்து தெரிஞ்சுக்கட்டுமுங்."

வழியெல்லாம் மூடி சுலோச்சனாவின் மடியில் இருந்தது. ஊர்வலமும் மாலை போட்ட லாரிகளுமாக ரோடு நகரவே இல்லை. கவுண்டம்பாளையத்தில் மட்டும் இருபது நிமிடம். துடியலூரில் விலாசம் விசாரித்துத் தெருவுக்குள் திரும்பும்போது மணி ஒன்பது பத்து. கார் கண்ணாடியை இறக்கியதும் அந்தச் சத்தம் கேட்டது. ஒரு கரகரப்பு இல்லாத அருமையான சத்தம்.

கார் நிறுத்துமிடத்தில் மிஷின். சாமந்தி மாலை, நாலு காலிலும் எலுமிச்சம்பழம். அந்தப் பையன் பலகையைத் தள்ள ஆரம்பித்துவிட்டான். மறுபக்கம் பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாக ஒரு பெண், இரண்டு கையையும் நீட்டிப் பலகையை வாங்கி இழுத்துக்கொண்டிருக்கிறாள். நடுவில் பிளேடு வெறுமனே சுழல்கிறது. கத்தினேன் என்று நினைக்கிறேன். அந்த இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை.

சுலோச்சனா நேராகச் சுவருக்குப் போனாள். பிளக் சுவிட்சை அணைத்தாள்.

பிளேடு உடனே நிற்பதில்லை. அது சுற்றி ஓயும் வரை எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"யாருங்க நீங்க?" என்றான் பையன். கௌசிக் என்று பெயர். கோபத்தில் முகம் சிவந்திருந்தது. நியாயம்தான். நல்ல நாளில் முதல் பலகையை நிறுத்தியிருக்கிறோம்.

ருக்குமணி அம்மாள் அவனைப் பார்க்கவே இல்லை. அந்தப் பெண்ணிடம் போனார். இடது கையைச் சுற்றியிருந்த முந்தானையைப் பிரித்து, கையை அவள் முன்னால் நீட்டினார்.

"இதே எடத்துல நின்னு, உடாமப் புடிச்ச கைங் கண்ணு."

அந்தப் பெண் மோனிஷா தன் இரண்டு கையையும் சட்டென்று மார்போடு சேர்த்துக்கொண்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பையன் அந்தக் கையைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். "வீடியோல எல்லாரும் மூடி இல்லாமதாங்க ஓட்டறாங்க..." என்று தொடங்கி, முடிக்காமல் நிறுத்தினான்.

நான் மூடியை மாட்டினேன். மாட்டி முடிந்ததும் எனக்கு இன்னொரு அதிர்ச்சி. இரண்டே போல்ட். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இந்த ஐந்து நிமிட வேலையைப் பதினோரு வருடமாக ஒருவரும் செய்யவில்லை.

பின்பக்கம் பலகையைத் தாங்க ஸ்டாண்டு வேண்டும், ஆள் நிற்கக் கூடாது என்று கௌசிக்கிடம் சொன்னேன். எனக்குச் செய்யும்போது அவனுக்கும் ஒன்று செய்து தருகிறேன் என்றேன், அதுவரை பலகையே போடாதே என்றேன். "சத்தியமாப் போட மாட்டேனுங்க" என்றான். மோனிஷா சந்தனக் கிண்ணத்தைக் கொண்டுவந்தாள். ருக்குமணி அம்மாள் தன் மூன்று விரல் கையால் சந்தனத்தைத் தொட்டு, மூடியின் மேல் வைத்தார்.

திரும்பும் வழியில் வடவள்ளியில் அவரை இறக்கிவிட்டோம். சென்னியப்பன் அண்ணா கேட்டைத் திறந்துவிட்டு வாசலிலேயே நின்றிருந்தார். மனைவி இறங்கும்போது காரின் கதவைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஆகஸ்ட் 31-ஆம் பக்கத்தை எடுத்தேன். "ஊசி குத்திவிட்டதாம்" என்று இருந்ததை அடித்துவிட்டு, "நான் அறுத்துவிட்டேன்" என்று மேலே எழுதினேன். சுலோச்சனாவிடம் காட்டினேன். படித்துவிட்டு நோட்டை மூடி வைத்தாள்.

புது ரவிக்கைத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்ட வேண்டுமாம். இத்தனை வருடமும் ஒரு முனையை முழங்காலால் அழுத்திக்கொண்டு அவளே கட்டுவாள்.

"அக்கட்டால கொஞ்சம் புடிக்கறீங்களா?" என்றாள்.

போய்ப் பிடித்தேன்.

"கை வலிச்சா உட்டுருங்க. நான் ஒன்னுஞ் சொல்ல மாட்டேன்."